வாக்கிங் மட்டும் போதுமா? நாற்பதைத் தாண்டியவர்களின் உடற்பயிற்சிக் கேள்விகள்

நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், நடக்கும்போதே நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வருபவர்கள் எதையும் தொடங்குமுன் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: வயது 47. வங்கி வேலை. ஆறு வருடமாகத் தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். தொப்பை குறையவில்லை, கை கால்தான் மெலிந்துகொண்டே போகிறது. போன மாதம் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நடை போதாதா?
– வாசகர், திருச்சி

போதாது. ஆனால் அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் அது செய்யும் நன்மை பெரிது. தசையை வளர்க்கும் அளவுக்குச் சுமை அதில் இல்லை, அவ்வளவுதான். உழைப்பு இல்லாவிட்டால் முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு விஷயம் சொல்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி. முதல் பாதி ஊருக்கே தெரியும். இரண்டாவது பாதியை ஏனோ யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தொப்பை விஷயம் பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. 70 கிலோ எடை உள்ளவர் சாதாரண வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் செலவாவது 180, 190 கலோரி. நடந்து முடித்த கையோடு டீக்கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் ஏறக்குறைய அத்தனையும் திரும்பி வந்துவிடும். எடை மெஷினை விட இன்ச் டேப்பை நம்புங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும்.

இனி வலுப்பயிற்சி. திங்கள், வியாழன் என்று இரண்டு நாளை ஒதுக்குங்கள். நடுவில் 48 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி கிடைக்கும். ஒரு நாளைக்கு 35 நிமிடம் போதும். முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்க: நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், பாதி உட்கார்ந்து எழுவது. இருபது வயதில் இதைத் தவிர்த்தாலும் தப்பித்திருப்பீர்கள், இப்போது முடியாது.

பிறகு ஆறு அசைவுகள். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துச் செய்யும் புஷ்-அப் (மேடையில் ஈரம் இருக்கக் கூடாது). ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் 5 கிலோ அரிசி போட்ட கட்டைப்பையை இடுப்பு நோக்கி இழுப்பது. இடுப்பை மடித்துக் குனிந்து எழுவது. மாடிப்படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. கடைசியாக, கைக்கு ஒரு கட்டைப்பை வீதம் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் 40 அடி நடப்பது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் ஒரு செட், 8 முதல் 10 தடவை. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு செட். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம்' என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் இடுப்பைப் பிடிக்கவைத்தது இந்த நான்காவது அசைவு தெரியாமல் போனதுதான் என்று தோன்றுகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு அடி தள்ளி நில்லுங்கள். ஒட்டடைக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு பட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தலையைக் குனியாதீர்கள், நெஞ்சு தானாக முன்னால் சாயும். தொடையின் பின்புறம் இழுத்துப் பிடித்தால் சரியாகச் செய்கிறீர்கள். வால் எலும்பை விட்டுக் கம்பு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்தி எழுந்துவிடுங்கள். முட்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தால் நீங்கள் உட்காருகிறீர்கள், மடியவில்லை. கம்பு விலகாமல் பத்துத் தடவை வந்த பிறகு 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கையில் எடுங்கள். 20 லிட்டர் கேனில் இருப்பது 20 கிலோ தண்ணீர். அதை உடம்புக்கு ஒட்டிப் பிடித்து, இதே மடிப்பில் தூக்க மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதுவரை கேன் போடுபவரிடம் உள்ளே வைக்கச் சொல்லிவிடுங்கள்.

சுமையை எப்போது கூட்டுவது? கடைசி செட்டில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு தடவை கூடுதலாக வருகிறதா, அடுத்த பயிற்சி நாளிலும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். இரண்டு நாளும் வந்தால் ஐந்து, பத்து சதவீதம் கூட்டலாம். 5 கிலோ பையில் அது கால் முதல் அரை கிலோ. அவசரப்பட்டு இரண்டு கிலோ போடுபவர்களுக்குத் தசை தாங்கிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அந்த வேகத்துக்குப் பழகாது, முழங்கையிலும் குதிகாலிலும் அதுதான் முதலில் வலிக்கும்.

கேள்வி: வயது 52. முட்டி வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் ஆரம்பக்கட்டத் தேய்மானம் என்றார். உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தால் இன்னும் தேயும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கோவை

உண்மை இல்லை. தொடையின் முன்தசை பலவீனமாக இருந்தால்தான் ஒவ்வொரு அடியும் நேராக மூட்டில் போய் விழும். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் முட்டி, இடுப்புத் தேய்மானத் திட்டத்தின் அடிப்படையே, மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சிதான். தவறு பயிற்சியில் இல்லை, தொடங்கும் உயரத்தில் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே தரை வரை உட்காரச் சொன்னால் எந்த முட்டியும் கத்தத்தான் செய்யும்.

கை வைக்காத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் மேல் மடித்த ஜமுக்காளமோ இரண்டு கெட்டியான திண்டோ வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். கடைசி நான்கு அங்குலத்தைத் தொப்பென்று விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பலம் கூடுவதே அந்த நான்கு அங்குலத்தில். முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது, கால் இரண்டாம் விரலின் திசையில் போக வேண்டும். 8 தடவை, இரண்டு செட், வாரம் மூன்று நாள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். பத்துக்கு நான்கு என்ற அளவு வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை அல்லது முட்டி வீங்கியிருக்கிறது என்றால் ஒரு திண்டு கூட்டுங்கள், ஒரு செட் குறையுங்கள். பயிற்சியையே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் சிக்கல் இல்லாமல் போனால் ஒரு திண்டை எடுத்துவிடலாம். வெறும் நாற்காலியில் 12 தடவை வந்தபின் மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குங்கள். ஏறுவதை விட இறங்குவதில்தான் முட்டிக்குச் சுமை அதிகம். அதனால் முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எடை அதிகம் இருந்தால் ஒரு கணக்கு உதவும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. முட்டி பாதியில் பூட்டிக்கொள்வது, காரணமில்லாமல் திடீரென வீங்குவது, படுத்திருக்கும்போதும் தூங்க விடாமல் வலிப்பது, இவை இருந்தால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சில் 220-லிருந்து வயதைக் கழித்து வரும் இதயத் துடிப்பைத் தாண்டக் கூடாதாமே? எனக்கு 50. அடிக்கடி எச்சரிக்கை வருகிறது.
– வாசகர், சேலம்

அது சராசரிக் கணக்கு. 170 என்று வரும் இடத்தில் ஒருவருக்கு 158 இருக்கலாம், இன்னொருவருக்கு 182. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவருக்கு இந்தக் கணக்கால் எந்தப் பயனும் இல்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடின வேகம். மார்பு இறுக்கம், படபடப்பு, தலைசுற்றல் இல்லாதவரை வாட்ச்சின் எச்சரிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை. இருந்தால், வாட்ச் எதுவும் சொல்லாவிட்டாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 44. ஜிம்மில் சேர்ந்து பர்சனல் ட்ரெய்னரும் வைத்துக்கொண்டேன். முதல் நாளே நூறு ஸ்குவாட் செய்யச் சொன்னார். நான்கு நாள் படி இறங்க முடியவில்லை. 'வலிச்சாத்தான் சார் வேலை செய்யுதுன்னு அர்த்தம்' என்கிறார். தொடரலாமா?
– வாசகர், சென்னை

ஜிம்மைத் தொடரலாம். அந்த ட்ரெய்னரை யோசிக்க வேண்டும்.

புதிய பயிற்சிக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரம் வரை மந்தமான தசைவலி இருப்பது இயல்பு. அது பயிற்சியின் தரத்துக்கு அளவுகோல் அல்ல. வலியே இல்லாமலும் தசை வளரும். பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே நூறு ஸ்குவாட் செய்யவைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. தசை நார்கள் சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் 'ரெஸ்ட் எடுத்தால் சரியாகும்' என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிகே என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவரிடம் நல்ல ட்ரெய்னர் முதல் நாள் கேட்கும் கேள்விகள் அதிகம், கொடுக்கும் வேலை குறைவு. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மூட்டில் பழைய அடி, நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததுண்டா, இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்பார். பயிற்சிக்கு முன் உடல்நிலையைக் கேட்கும் பார்-கியூ என்ற கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்வார். நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு எடை, எத்தனை தடவை என்று எழுதி வைப்பார். நோட்டோ மொபைலோ, எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும். போன வாரம் என்ன செய்தீர்கள் என்று உங்களிடமே கேட்பவர் திட்டம் இல்லாமல் நடத்துகிறார். ஏசிஇ, என்எஸ்சிஏ, ஏசிஎஸ்எம் போன்ற அமெரிக்க உடற்பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் இருந்தால் நல்லது. முதலுதவியும், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தும் சிபிஆரும் தெரியுமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சேர்ந்த வாரத்திலேயே புரோட்டீன் டப்பா விற்க வந்தால் சற்று விலகியே இருங்கள்.

பணம் கட்டும்போது ஆண்டுத் தொகுப்பு எடுக்காதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு, வாரம் இரண்டு அமர்வு போதும். அதற்குள் ஏழெட்டு அசைவுகளைத் தனியாகச் செய்யக் கற்றுக்கொடுக்க முடியாதவர் ஒரு வருடத்திலும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பிறகு மாதம் ஒருமுறை வந்து சரிபார்த்துக்கொண்டால் செலவும் குறையும்.

அவரையே வைத்துக்கொள்வதானால் மூன்று நிபந்தனை சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது இரண்டு செட்தான். சுள்ளென்று குத்தும் மூட்டு வலி வந்தால் அந்த அசைவு அன்றைக்கு வேண்டாம். மூன்றாவது, எதற்காக இதைச் செய்கிறோம் என்று கேட்டால் பதில் வர வேண்டும். முகம் சுளித்தால் வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர். மெட்பார்மினோடு கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் எடை தூக்கலாமா?
– வாசகர், மதுரை

மெட்பார்மின் மட்டும் என்றால் பெரிய சிக்கல் இல்லை. கிளிமிபிரைடும் இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடக்கூடியவை. அதனால் உங்களுக்கு வெறும் வயிறு வேண்டாம். டிபன் சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்வது பாதுகாப்பு. முதல் சில வாரம் தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250-ஐத் தாண்டி, உடம்பும் சரியில்லாமல் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். நடுவில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிரஷர் மாத்திரையில் மெட்டோபுரோலால் வகை இருந்தால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். திடீரென ஊற்றும் வியர்வையை மட்டும் அது மறைக்காது.

பிரஷருக்கு முக்கியமான விஷயம் மூச்சு. தம் பிடித்துக்கொண்டு தூக்கினால் அந்த நொடியில் ரத்த அழுத்தம் மிக உயரமாகப் போய் இறங்கும். தூக்கும்போது 'ஒண்ணு, ரெண்டு' என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். முடித்தவுடன் சட்டென்று உட்கார்ந்துவிடாமல் ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள், இல்லாவிட்டால் மாத்திரையின் வேகத்தில் தலை சுற்றும்.

இவ்வளவு வருடச் சர்க்கரைக்குப் பிறகு கண்ணையும் பாதத்தையும் பரிசோதிக்காமல் எடையைத் தொடாதீர்கள். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால் சிகிச்சை முடியும்வரை கனமான எடை கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு செய்ய வேண்டாம். ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள், சின்னக் கல் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரவு சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது நன்றாக இறக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. வயது 49, எடை 60 கிலோ. புரோட்டீன் பவுடர் இல்லாமல் முடியாது என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

முடியும். வலுப்பயிற்சி செய்யும் உங்கள் வயதினருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வைத்தால் 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும். காலையில் இரண்டு அடை சாப்பிட்டால் 10, 12 கிராம் வந்துவிடும். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் ஏழெட்டுதான். மதியம் சோறு, ஒரு கப் கெட்டியான பருப்புக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர்: 18. மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல்: 12. இரவு இரண்டு சப்பாத்தியோடு 75 கிராம் பன்னீர்: 20. படுக்குமுன் ஒரு டம்ளர் பால்: 6. கூட்டிப் பாருங்கள், வந்துவிட்டது. குழம்பில் மிதக்கும் பத்துப் பருப்பைப் புரதக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் சரி.

இதெல்லாம் சமைக்க முடியாத நாளில் ஒரு கரண்டி வே புரோட்டீன் குடிப்பதில் தவறில்லை. 22 முதல் 25 கிராம் கிடைக்கும். அது பால் பொருள், ஸ்டீராய்டு அல்ல. கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) கூடியிருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதால், உங்களுக்கு எடைப் பயிற்சி இன்னும் அவசியம்.

கேள்வி: வயது 51. ஒரு தோள் மட்டும் மேலே போக மறுக்கிறது, பின்னால் ஹூக் போட முடியவில்லை. புஷ்-அப் செய்தால் சரியாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

செய்யாதீர்கள். உறைந்த தோளாக இருக்கலாம். 40 முதல் 60 வயதுப் பெண்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் இது அதிகம். டாக்டரைப் பார்க்கும்போது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் வலி கூடும். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவதும், சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றுவதும் இப்போதைக்குப் போதும். முழுதாகச் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். காலுக்கும் இடுப்புக்குமான பயிற்சிகளை அதற்காக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நன்றாகச் செய்துகொண்டிருந்தேன். மகள் கல்யாணம், பிறகு சிக்குன்குனியா என்று இரண்டு மாதம் விட்டுப்போயிற்று. விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாமா? வயது 54.
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது, நிறைய பேர் அடிபடுவது இந்த இடத்தில்தான். ஒரு வாரம் விட்டிருந்தால் பழைய எடையிலேயே ஒரு செட் குறைத்துத் தொடங்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்பு தூக்கியதில் பாதி எடை, ஒரே செட். மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகப் பழைய அளவுக்கு வாருங்கள். முதல் தடவை எடுத்துக்கொண்ட காலத்தை விடச் சீக்கிரமாகவே பலம் திரும்பும்.

சிக்குன்குனியா வந்த உடம்பு என்பதால் கூடுதல் கவனம் தேவை. வீக்கம் இருக்கும் மூட்டுக்குச் சுமை தராதீர்கள். கணுக்காலும் மணிக்கட்டும் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு மெல்ல மடக்கி நீட்டுவது மட்டும். மணிக்கட்டு வலிக்கும்போது புஷ்-அப் வேண்டாம், ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கலாம். மூன்று மாதம் கடந்தும் வீக்கம் வடியாவிட்டால் மூட்டுநோய் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த கல்யாண சீசனுக்கு ஒரு யோசனை. நேரமே இல்லாத வாரங்களில் எடையைக் குறைக்காமல் செட்டைக் குறையுங்கள். வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், நான்கு அசைவு செய்தாலே சேர்த்த பலத்தில் பெரும்பகுதி இரண்டு மாதத்துக்குத் தாங்கும். பந்திக்கு இலை போடும் நாளிலும் இருபது நிமிடம் கிடைக்கும், மண்டபத்து மாடிப்படியும் இருக்கிறது.